தங்கம் சிவந்துபோன ஆறு வாரங்கள்

அன்புள்ள அருள்,

பக்கத்து அறையில் நீ அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உன் அப்பா வாசலில் நின்றபடி, நாளைக்கு வரப்போகிற டெம்போக்காரரிடம் மர்பி டவுனுக்குள் எந்தச் சந்து வழியாக வந்தால் வண்டி திரும்பும் என்று போனில் கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருக்கிறார். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "எலெக்ட்ரானிக் சிட்டிக்குத்தானே போறான், துபாய்க்கா போறான்" என்றார். உண்மைதான். ஆனால் இந்த ஊரில் சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டுவது எப்படிப்பட்ட பயணம் என்று தினமும் போய் வந்த உனக்கே தெரியும். இனி நீ ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளை. அதனால்தான், இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எதிரில் உட்கார வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதினால் முடியும் என்று நினைக்கிறேன்.

உனக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்யப்போகிறார்கள் என்று போன வாரம் சொன்னாய். சொல்லும்போது உன் குரலில் இருந்த சந்தோஷத்தையும் கவனித்தேன், பயத்தையும் கவனித்தேன். நீ முதன்முதலாக அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது, அங்கே செய்கிற நோய்ப் பரிசோதனைப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாய். ஒரு சொட்டு விட்டதும் அதில் சிவப்புக் கோடு வந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன மை இது?" என்று கேட்டார். நானும் நீயும் ஒரே நேரத்தில் "தங்கம்" என்றோம். அவர் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிந்த தங்கத்துகள்கள், தேடுகிற பொருளைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் போய் நெருங்கி நிற்கும்போது அந்தக் கோடு தெரிகிறது என்று நீ அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வரும்.

நான் லேபில் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்க ஆரம்பித்தது இரண்டாம் வகுப்பில். உன் சிநேகிதர்களின் அம்மாக்கள் டீச்சர், நர்ஸ், டெய்லர். உன் அம்மா மட்டும் "ரொம்பச் சின்னதைச் செய்றாங்க". அன்றைக்கு உருளைக்கிழங்கு வறுவலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கிழங்கைச் சதுரக் கட்டியாகச் செதுக்கி உன் கையில் கொடுத்து மசாலா தடவச் சொன்னேன். ஆறு பக்கமும் தடவினாய். பிறகு அதை எட்டாக வெட்டினேன். உள்ளேயிருந்து புதிதாக வெள்ளைப் பக்கங்கள் வந்தன. மறுபடி மசாலா கேட்டாய். மறுபடி வெட்டினேன், மறுபடி கேட்டாய். "கிழங்கு அதேதான், ஆனா வெளிப்பக்கம் கூடிக்கிட்டே போகுது பாரு. எல்லா வேலையும் வெளிப்பக்கத்துலதான் நடக்குது. அதனாலதான் சின்னதா வெட்டினா சீக்கிரம் வேகுது, மசாலாவும் நல்லாப் பிடிக்குது" என்றேன். இன்னும் எவ்வளவு சின்னதாக வெட்டலாம் என்று கேட்டாய். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பேர், உன் தலைமுடி ஒன்றின் கனமே எண்பதாயிரம் நானோமீட்டர் இருக்கும், எங்கள் லேபில் செய்வது பத்து, இருபது, ஐம்பது என்றேன். நீ உன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வறுவல் அன்று கொஞ்சம் கருகிவிட்டது.

அடுத்த வருஷம் எங்கள் ஆராய்ச்சிக் கழகத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கிற நாளில் உன்னைக் கூட்டிப்போனேன். அங்கேதான் பூர்ணிமாவைப் பார்த்தாய். உனக்கு முகம் ஞாபகம் இருக்குமோ என்னமோ. ஹாசன் பக்கத்துப் பெண், ஒல்லியாக, எப்போதும் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு இருப்பாள். பி.எச்.டி மாணவி. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். மேசையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்து, ஒன்றில் ரோஜா சர்பத் நிறத்தில் தண்ணீர், மற்றதில் ஊதாவும் பழுப்பும் கலந்த நிறத்தில் தண்ணீர், "இரண்டிலும் இருப்பது தங்கம்தான்" என்று உன்னிடம் சொன்னாள். தங்கம் மஞ்சள்தானே என்றாய். தங்கத்துக்குள் இருக்கிற எலக்ட்ரான்கள் வெளிச்சம் பட்டால் கூட்டமாக ஆடும், துண்டு மிகச் சிறியதாகிவிட்டால் அந்த ஆட்டம் மாறிவிடும், அதனால் நமக்குத் தெரிகிற நிறமும் மாறிவிடும், உருண்டையாக இருந்தால் சிவப்பு, குச்சி மாதிரி நீண்டிருந்தால் இந்த ஊதா, என்று பொறுமையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நீ என் கம்மலைக் கழற்றித் தரச் சொல்லி, அம்மிக்குழவி எங்கே என்று தேடினாய். அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாம் மூன்று பேரும் கவலையில்லாமல் சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று. அந்த மழைக்காலத்தில் அப்பா எலக்ட்ரீஷியனாக இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா ஏன் பகலில் வீட்டில் இருக்கிறார் என்று நீ கேட்டதற்கு, லீவு என்று சொன்னோம். என் வேலை வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படித்தவள் என்றாலும் அங்கே என் வேலை கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, கரைசல்கள் தயாரிப்பது, அலமாரிகளை ஒழுங்காக வைப்பது. கழுவுவது என்றால் சாதாரணமாக இல்லை. துளி அழுக்கு இருந்தாலும் தங்கம் வேறு மாதிரி வளர்ந்துவிடும். தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தில் ஊறவைத்து, சுத்தமான தண்ணீரில் பத்து தடவை அலசி எடுக்க வேண்டும். அதில் எனக்குப் பெருமை உண்டு. நான் கழுவிய குடுவை என்றால் மாணவர்கள் வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் பூர்ணிமா அவள் அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். நான் அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேலைக்கு முக்கியமானது சோப்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி. குளிர் காலையில் அதன் கரைசல் உறைந்துபோகும், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பொடிதான் தங்கத் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, அதைக் குச்சியாக நீளவிடும். பாட்டிலில் நீல மையில் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். என் முழங்கை பட்டு அது சாய்ந்தது. மூடி சரியாக மூடியிருக்கவில்லை. பாதிக்கு மேல் தரையில் கொட்டிவிட்டது. விலை உயர்ந்த பொடி. யாரும் பார்க்கவில்லை. அந்த வாரம்தான் ஸ்டோருக்கு அதே பொடி வேறொரு சப்ளையரிடமிருந்து வந்திருந்தது. அதே பெயர், லேபிளில் அதே சுத்தம். தரையைக் கூட்டினேன். புது டப்பாவிலிருந்து எடுத்து அவள் பாட்டிலில் பழைய அளவுக்கு நிரப்பி, குலுக்கி, இருந்த இடத்தில் வைத்தேன். உப்பு ஜாடியில் உப்பு போட்ட மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வந்ததும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். அவள் கல்யாண லட்டோடு வந்தாள். சொல்லவில்லை.

முதல் நாள் அவள் செய்தது சிவப்பாக வந்தது. தங்க உப்பு கரைந்த மஞ்சள் கரைசலில் வைட்டமின் சி விட்டதும் நிறம் போகும், அதில் முன்பே செய்து வைத்த விதைத் தங்கம் ஒரு துளி விட்டால் சிறிது நேரத்தில் மெல்ல ஊதா ஏறும். நூறு தடவை அவள் செய்த வேலை. அன்று ரோஜா சர்பத். குச்சிகள் இல்லை, வெறும் உருண்டைகள். குளிரால் இருக்கும் என்றாள். அடுத்த நாளும் சிவப்பு. தண்ணீரை மாற்றினாள். கூடச் சேர்க்கிற வெள்ளி உப்பை மாற்றினாள். "அக்கா, கோபப்படாதீங்க, குடுவையை நானே ஒரு தடவை கழுவிக்கவா?" என்று கேட்டாள். கழுவிக்கொள் என்றேன். எல்லாவற்றையும் மாற்றினாள், அந்தப் பொடியைத் தவிர. அது அவளுக்கு மாதக்கணக்கில் சரியாக வந்த பாட்டில். அதைச் சந்தேகப்பட அவளுக்குக் காரணமே இல்லை. காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டாவது வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர் என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்று அவர் வேலையில்லாமல் இருந்தார். "மார்ச்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும் இல்ல. அது வரைக்கும் சும்மா இரு. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, தானே கண்டுபிடிச்சிடும்" என்றார். எனக்கும் அப்படி யாராவது சொல்ல வேண்டியிருந்தது. சும்மா இருந்தேன். கிறிஸ்துமசுக்கு முன்னால் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாய். என் முறை வந்தபோது, கோபப்பட்டேன், ஜெபம் சொல்ல மறந்தேன் என்று ஏதேதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இதைச் சொல்லவில்லை. அந்த வருஷம் நான் செய்த ரோஸ் குக்கீஸ் எல்லாம் எண்ணெய் குடித்துவிட்டன என்று அத்தை வீட்டில் பேசிக்கொண்டார்கள். மனசு வேறெங்கோ இருந்தது.

மதியம் நானும் பூர்ணிமாவும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். லேப் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மழைமரம், அதன் அடியில் சிமென்ட் பெஞ்ச். அவள் அக்கி ரொட்டி கொண்டுவருவாள், என் எலுமிச்சை சாதத்தில் பாதி எடுத்துக்கொள்வாள். ஜனவரியில் அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ஒருநாள் தன் விரல்களை விரித்துப் பார்த்தபடி, "நன்ன கையல்லே ஏனோ இதே அக்கா" என்றாள். என் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று. சதையைத் தாண்டி உள்ளே போகிற, கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் குச்சி வடிவத் தங்கம் வாங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் புற்றுநோய் செல்லை மட்டும் கொல்ல முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு மருத்துவக் குழுவுக்குச் செய்து காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பேராசிரியர் கெட்டவர் இல்லை, ஆனால் பொறுமை இல்லாதவர். முன்னால் வந்த முடிவுகள் மட்டும் எப்படி வந்தன என்று கேட்டு அவளுடைய பழைய நோட்டுப் புத்தகங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று லேபில் எல்லோருக்கும் தெரியும். பொய்யாக எழுதியிருக்கிறாளோ என்று அர்த்தம். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அருள், அந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

பொங்கலுக்கு அடுத்த வாரம், இரண்டு வாரம் வீட்டுக்குப் போய் ஆராய்ச்சியைத் தொடரப்போகிறாயா என்று யோசித்துவிட்டு வா என்று சொல்லி அவளை அனுப்பினார்கள். ஒரே ஒரு பையோடு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாள். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்தது உனக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். உன் பையில் கணக்கு டெஸ்ட் பேப்பர் இருந்தது. மார்க் குறைவு. அதன் கீழே என் கையெழுத்து, நீ போட்டது. என் பெயரின் கடைசி எழுத்தில் நான் போடுகிற சுழியைக்கூட அப்படியே போட்டிருந்தாய். உன்னுடைய மர ஸ்கேலாலேயே உன்னை அடித்தேன். இதுவரை அடிக்காத மாதிரி அடித்தேன். "பொய் சொல்றவன் எனக்குப் பிள்ளையே இல்ல" என்று சொன்னேன். அப்பா வந்து ஸ்கேலைப் பிடுங்கினார். நீ சுவரோடு ஒட்டி நின்றபடி, தேம்பித் தேம்பி, "நீ அடிப்பன்னுதாம்மா சொல்லல" என்றாய்.

நீ சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் பேராசிரியரிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் அதுதான் பதில். அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஸ்கேலைப் பரண் மேல் போட்டார். மறுநாள் காலை, என்னிடம் எதுவும் கேட்காமல், ஸ்கூட்டரை எடுத்து வெளியே நிறுத்தினார். அல்சூர் ஏரிப் பக்கம் பனி இறங்கியிருந்தது. வழி முழுக்க அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். "போனா போகட்டும். வேற வேலை தேடிக்கலாம். ரெண்டு பேரும்."

பேராசிரியர் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டியது, கூட்டியது, நிரப்பியது, எந்த டப்பாவிலிருந்து, எந்த நாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் ஆறு வாரம்?" என்றார்.

"பயம் சார்."

"யாரைப் பார்த்துப் பயம்?"

"உங்களைப் பார்த்துத்தான் சார்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு என் முன்னாலேயே ஹாசனுக்குப் போன் போட்டு, பூர்ணிமாவிடம் கன்னடத்தில், தப்பு உன் கையில் இல்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன், நாளைக்கே கிளம்பி வா என்றார். அதே ஆள் அடுத்த அரை மணி நேரத்தில் என்னிடம் கோபமாகவும் பேசினார். அதை இங்கே எழுத வேண்டாம். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

பூர்ணிமா வந்தாள். என்னைக் கடந்து நேராகத் தன் மேசைக்குப் போனாள். மூன்று குடுவைகளை வைத்தாள். ஒன்றில் வேறொரு மாணவரிடம் மிச்சமிருந்த பழைய பொடி, ஒன்றில் புதுப் பொடி, ஒன்றில் நான் கலந்துவைத்த பாட்டிலிலிருந்து. மதியத்துக்குள் முதல் குடுவை ஊதாவாகிவிட்டது. மற்ற இரண்டும் சிவப்பு. லேபில் இருந்த எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் கதவருகே நின்று பார்த்தேன். புதுப் பொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் கலப்படமாக அயோடைடு என்கிற உப்பு இருந்தது. லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளியூண்டு, தங்கத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, நீளவாக்கில் வளர விடாமல் தடுத்திருக்கிறது. பூர்ணிமா அதோடு விடவில்லை. நல்ல பொடியில் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக அயோடைடு சேர்த்து, எந்த அளவில் குச்சி உருண்டையாகிறது என்று மாதக்கணக்கில் பார்த்தாள். அது அவள் ஆராய்ச்சியில் ஒரு தனி அத்தியாயமே ஆனது. வெளியிலும் சில லேப்களில் இதே பொடியோடு இதே போல மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் மருத்துவக் குழுவுக்குக் காட்ட வேண்டிய வாய்ப்பு வேறு லேபுக்குப் போய்விட்டது. அவளுக்கு ஒரு வருஷம் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். மழைமரத்தடிப் பெஞ்சில் நான் தனியாகச் சாப்பிட்டேன். ஜூன் மாதம் ஒருநாள் அவள் டப்பாவோடு வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், அதற்கு முன்னாலும் இரண்டு தடவை கேட்டிருந்தேன். அவள் எனக்கு நன்றாக உறைக்க வேண்டும் என்று தமிழிலேயே நிதானமாகச் சொன்னாள். "அக்கா, பொடி கொட்டினது தப்பு இல்ல. மாத்தி வெச்சது கூட விடுங்க. ஆறு வாரம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. நான் அழுதேன், பார்த்துட்டு இருந்தீங்க. அது எப்படி முடிஞ்சது உங்களால?" அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. அக்கி ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். சாப்பிட்டோம். இப்போது மைசூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியையாக இருக்கிறாள். கிறிஸ்துமசுக்குத் தவறாமல் போன் செய்கிறாள். நான் ஓய்வு பெற்ற நாளில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட கேள்விதான். அது அழியவில்லை.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான் அருள். கண்ணுக்குத் தெரியாத அளவிலான பொருளோடு வேலை செய்கிற இடத்தில், சின்னத் தப்பு என்று ஒன்று கிடையாது. தப்பு நடக்கும், உன் பதினோரு பேரில் யாராவது ஒருவர் ஏதாவது கொட்டுவார், நிரப்பி வைப்பார். மிஷினை எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதை நீ கண்டுபிடிக்க முடியாது. அவராக வந்து சொன்னால்தான் உனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்ற வேண்டும். எங்கள் பேராசிரியர் அதற்குப் பிறகு மாறினார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மீட்டிங்கில், போன வாரம் தான் செய்த தப்பு என்ன என்று அவரே முதலில் சொல்ல ஆரம்பித்தார். முதல் சில வாரம் எல்லோரும் சங்கடப்பட்டு நெளிந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் கடைசியாகத்தான் வாய் திறந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் கஷ்டமானது. லேபில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். பூர்ணிமாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்த டெஸ்ட் பேப்பருக்குப் பிறகு நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் மூன்று தடவை படிக்கிறாய். கேஸ் குழாயைத் திரும்ப வந்து பார்க்கிறாய். ஒரு சின்ன விஷயம் தவறிவிட்டால் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறாய். உன் மேலதிகாரிகள் அதை நல்ல பழக்கம் என்கிறார்கள், அதற்காகத்தான் இந்தப் பதவியும் கொடுத்திருக்கிறார்கள். அது எந்தச் சாயங்காலத்தில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அன்று பொய் சொன்னது நீ மட்டும்தான் என்று நினைத்தே வளர்ந்துவிட்டாய். அப்படி நினைக்க விட்டது நான். உன்னை அடித்தபோது நான் அடித்தது என்னைத்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் வலித்தது உனக்கு.

அன்றைக்கே உன்னை மடியில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் பெரியவனாகட்டும், பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று பதினெட்டு வருஷத்தைக் கடத்திவிட்டேன். ஆறு வாரத்துக்கே அந்தப் பெண் என்னிடம் அப்படிக் கேட்டாள். நீ என்ன வேண்டுமானாலும் கேள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டில்தான் இருப்பேன். அப்பாவை வெளியே அனுப்பிவிடுகிறேன்.

உன் அம்மா